பயிற்சி முடிந்து மூன்று மாதம் ஆகிறது: சர்வேயில் என்ன கேட்பது?

இளவேனில்_பயிற்சி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர்களுக்கும் டீம் லீடர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடத்தினோம். தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுவது எப்படி, குறையை மனம் நோகாமல் சொல்வது எப்படி, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பதுதான் பாடம். இரண்டாம் நாள் சாயங்காலம் வாங்கிய ஃபீட்பேக் படிவத்தில் ஐந்துக்கு 4.7 வந்தது.

இப்போது மேலிடத்தில், "சரி, அதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கலந்துகொண்டவர்களுக்கு ஒரு சர்வே அனுப்பலாம் என்று இருக்கிறேன். எழுதி வைத்திருக்கும் கேள்விகள்:

1. பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா? (1 முதல் 5 வரை)
2. கற்றதை வேலையில் பயன்படுத்துகிறீர்களா? (ஆம் / இல்லை)
3. உங்கள் செயல்திறன் எத்தனை சதவீதம் உயர்ந்திருக்கிறது?
4. பயிற்சியாளரை எப்படி மதிப்பிடுவீர்கள்?
5. மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பீர்களா?

இன்னும் என்ன சேர்க்கலாம்?

பழையமேசை

வணக்கம் மேடம். சேர்ப்பது இருக்கட்டும், முதலில் எடுக்க வேண்டியதை எடுத்துவிடலாம். 1, 4, 5 மூன்றும் அன்று சாயங்காலம் கேட்டதேதான். அதையே மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அதே பதில் கொஞ்சம் மங்கலாகத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் நான்கு படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் வந்தவை. பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது. முதல் படியில் 4.7 வாங்கியதால் மற்ற மூன்றும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1997-ல் ஆலிகரும் அவருடன் சேர்ந்தவர்களும் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பிடித்திருந்தது என்று சொன்னதற்கும், கற்றதற்கும், பிறகு வேலையில் செய்ததற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற அளவில்தான் தொடர்பு இருந்தது. "என் வேலைக்கு உதவும்" என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

உங்கள் ஐந்தில் மூன்றாம் படியைத் தொடுவது இரண்டாம் கேள்வி ஒன்றுதான். அதையும் ஆம், இல்லை என்று அடைத்துவிட்டீர்கள். கம்பெனி செலவில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர் யார் "இல்லை" என்று டிக் அடிப்பார்? நானாக இருந்தால் அந்த ஒரு கேள்வியை மூன்றாக உடைப்பேன்:

கடந்த நான்கு வாரங்களில் உங்கள் டீமில் எத்தனை பேரிடம் தனியாக, குறைந்தது கால்மணி நேரம், அவர்கள் வேலையைப் பற்றிப் பேசினீர்கள்?

அதில் கடைசியாக நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதிக நேரம் பேசியது யார்: நீங்களா, அவரா?

முடிவில் அடுத்து என்ன செய்வது என்று இருவரும் பேசி எங்காவது எழுதி வைத்தீர்களா?

"கடைசியாக நடந்தது" என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பொதுவாக" என்று கேட்டால் ஆள் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதை எழுதுவார். "போன தடவை" என்றால் நடந்ததை எழுதியாக வேண்டும்.

கோடுபோட்டசட்டை

எனக்கு இந்த சர்வேக்களில் நம்பிக்கையே கிடையாது. நான் கிடங்கு பார்ப்பவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இடித்தது, கவிழ்ந்தது, சேதாரம் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. "ஒழுங்கா ஓட்டுறீங்களா?" என்று எவரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆளைக் கேட்டால் ஆள் தன்னைத்தான் பாராட்டிக்கொள்வான்.

இளவேனில்_பயிற்சி

பழையமேசை சார், நன்றி. அந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கோடுபோட்டசட்டை சார், உங்களுக்குப் பதிவேடு இருக்கிறது. ஒருவரிடம் எப்படிப் பேசினார் என்பதற்கு எங்கே பதிவேடு இருக்கிறது? வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை இருக்கிறது, லீவு கணக்கு இருக்கிறது. ஆனால் அது ஏறி இறங்க நூறு காரணம்.

சராசரிமனிதன்

புள்ளிவிவர வேலை பார்ப்பவன், நடுவில் நுழைகிறேன்.

முதலில் கிடங்கு சாருக்கு. பதிவேடும் தானாகப் பேசாது. ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி நடந்த அதே மாதம் புதிய வண்டிகள் வந்திருந்தால்? வேலை குறைந்த பருவமாக இருந்தால்? இடிப்பது குறைந்ததும் பயிற்சிக்கு மாலை போட்டுவிடுவோம். இன்னொன்று, சேதாரம் எழுதினால் ஓட்டுநருக்குத் திட்டு விழும் என்கிற இடத்தில் பதிவேட்டிலும் ஆள்தான் எழுதுகிறான்.

அடுத்து மேடத்துக்கு. மூன்றாவது கேள்வியை யோசிக்காமல் தூக்கிவிடுங்கள். தன் செயல்திறன் எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டால் 20, 25, 30 என்று எதையாவது போடுவார்கள். நீங்கள் சராசரி எடுத்து ஸ்லைடில் வைப்பீர்கள்.

"அப்போ பயிற்சிக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பத்துக்கு எத்தனைன்னு கேட்டுக் கழிச்சிடலாமே" என்று தோன்றும். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். "அடுத்தவர் பேசும்போது எவ்வளவு நன்றாகக் கேட்பீர்கள்?" என்றால் பயிற்சிக்கு முன் 8 போடுவார். பயிற்சியில் ஜோடி ஜோடியாகப் பேசவிட்டுப் பார்க்கும்போதுதான், தான் குறுக்கே குறுக்கே விழுவது அவருக்கே தெரியும். மூன்று மாதம் கழித்து, உண்மையிலேயே முன்னேறிய பிறகும், 7 போடுவார். கணக்குப்படி பயிற்சி ஆளைக் கெடுத்துவிட்டது! அவர் முன்னேறினார், அளவுகோல் அவரைவிட வேகமாக நகர்ந்துவிட்டது. 1970-களின் கடைசியில் ஜார்ஜ் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதினார். முடிந்த பிறகு ஒரே மூச்சில் இரண்டையும் கேட்பதுதான் அவர் முன்வைத்த மாற்று: "இப்போது எத்தனை? இன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் திரும்பிப் பார்த்தால் அன்று எத்தனை?" இதிலும் ஓட்டை உண்டு. முன்னேறியதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் அன்றைய மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள். பழையமேசை சொன்ன மாதிரி நடந்ததை எண்ணச் சொல்வதே எனக்கு மேலாகப் படுகிறது.

ஒரு சந்தேகம் மேடம். எல்லா சூப்பர்வைசர்களும் முடித்துவிட்டார்களா, இன்னும் பாக்கி இருக்கிறார்களா?

இளவேனில்_பயிற்சி

பாதிப் பேர்தான் முடித்திருக்கிறார்கள். ஹால் போதவில்லை என்று பெயரின் அகரவரிசைப்படி இரண்டு பேட்ச்சாகப் பிரித்தோம். இரண்டாவது பேட்ச் இன்னும் ஒன்றரை மாதம் கழித்து.

சராசரிமனிதன்

அடிச்சது லாட்டரி.

அகரவரிசை என்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். மேலாளர் கைகாட்டியவர்களை முதலில் அனுப்பியிருந்தாலோ, ஆர்வமாகக் கை தூக்கியவர்கள் முதல் பேட்ச்சாக இருந்தாலோ ஒப்பிடவே முடியாமல் போயிருக்கும். இப்போது என்ன செய்ய வேண்டும் என்றால், அதே சர்வேயை இரண்டாவது பேட்ச்சுக்கும் இன்றே அனுப்புங்கள். பயிற்சி எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே வாரத்தில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எடுக்காதவர்களும் மாதத்துக்கு அதே எண்ணிக்கையில் தனியாகப் பேசுகிறார்கள் என்றால், 4.7 வாங்கியும் பிரயோஜனம் இல்லை. வித்தியாசம் இருந்தால் வேலை குறைந்த பருவம், புது மேனேஜர் என்ற சாக்குகள் எல்லாம் அடிபட்டுப் போகும். அவை இரண்டு பேட்ச்சுக்கும் பொதுதானே.

ஆனால் ஒரு நிபந்தனை. சர்வேயில் "பயிற்சி" என்ற சொல்லே வரக் கூடாது. தலைப்பில், மெயிலில், அனுப்புகிறவர் பெயரில் எங்கும். பயிற்சிப் பிரிவிலிருந்து வருகிறது என்றால் பயிற்சி எடுத்தவர் உங்களுக்காகக் கொஞ்சம் கூட்டிப் போடுவார். எடுக்காதவருக்கோ என்ன பதில் சொல்வது என்றே புரியாது. வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். உங்கள் ஐந்து கேள்வியும் பயிற்சியைப் பற்றியவை, பழையமேசை எழுதிய மூன்றும் வேலையைப் பற்றியவை. அதனால்தான் அவருடையவற்றை இரண்டு பேட்ச்சிடமும் கேட்க முடிகிறது, உங்களுடையவற்றைக் கேட்க முடியவில்லை.

கடைசிபெஞ்ச்

நான் பயிற்சி கொடுக்கிற ஆள் இல்லை, வாங்கிக்கொள்கிற ஆள். இந்த மாதிரி சர்வே நிறைய நிரப்பியிருக்கிறேன். எப்படி நிரப்புவேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

மெயிலில் "உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும், பெயர் தேவையில்லை" என்று இருக்கும். நாலு நாள் கழித்து "நீங்கள் இன்னும் நிரப்பவில்லை" என்று ஒரு ரிமைண்டர் வரும். நிரப்பிவிட்ட பக்கத்து சீட்டுக்காரருக்கு வராது. அப்போ யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்று அங்கே தெரிகிறது அல்லவா? அதைப் பார்த்த நிமிஷமே எல்லாவற்றுக்கும் 4 போட்டு அனுப்பிவிடுவேன். 5 போட்டால் ஜால்ரா மாதிரி தெரியும், 3 போட்டால் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள்.

அப்புறம், 20 கேள்விக்கு மேல் போனால் பன்னிரண்டாவதிலிருந்து நான் படிப்பதில்லை.

பழையமேசை

கடைசிபெஞ்ச் தம்பி சொன்னதைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு எச்ஆர் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

சராசரிமனிதன்

அந்த ரிமைண்டர் விஷயத்துக்கு நேரான வழி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. "யார் நிரப்பினார் என்பது எங்களுக்குத் தெரியும். தனிப்பட்ட பதிலை இந்த ஒருவர் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் கணக்கைத் தனியாக வெளியிட மாட்டோம்." இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரே லிங்க் கொடுத்து, ரிமைண்டரையும் எல்லோருக்கும் அனுப்புங்கள். நிரப்பியவருக்கும் ரிமைண்டர் வருமே என்று கவலைப்பட வேண்டாம், "ஏற்கெனவே அனுப்பியிருந்தால் நன்றி" என்று ஒரு வரி போதும். இதில் இன்னார் சொன்னது என்று தெரியாது. ஆனால் பேட்ச் எது என்பது வேண்டும், ஆகவே பேட்ச்சுக்கு ஒரு லிங்க்.

நிரப்பாதவர்களையும் மறக்க வேண்டாம். நூறு பேரில் நாற்பது பேர்தான் நிரப்பினார்கள் என்றால், அந்த நாற்பது பேர் பயிற்சியில் ஆர்வம் இருந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிமைண்டர் போன பிறகு தாமதமாக வந்த பதில்களைத் தனியாக வைத்து, முதல் வாரத்தில் வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் வந்தவர்கள் வராதவர்களை ஓரளவு ஒத்திருப்பார்கள் என்று ஒரு கணிப்பு உண்டு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம்.

நிலா_77

நானும் எச்ஆர்தான். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? எந்தப் பயிற்சியானாலும் பத்து சதவீதம்தான் வேலைக்கு வந்து சேரும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே. மறதியைப் பற்றிய எபிங்ஹாஸ் கர்வ் வேறு, ஒரே நாளில் பெரும்பகுதி மறந்துவிடும் என்கிறது. மேலிடத்துக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். ஜாக் பிலிப்ஸ் முறையில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கலந்துகொண்டவரிடம், "முன்னேற்றத்தில் எத்தனை சதவீதம் பயிற்சியால் வந்தது, அதில் உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டு இரண்டையும் பெருக்குவது. 40 சதவீதம் பயிற்சியால், 70 சதவீதம் நிச்சயம் என்றால் 28. மற்றதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எவ்வளவு ஜாக்கிரதையான முறை!

கோடுபோட்டசட்டை

ஊகத்தை ஊகத்தால் பெருக்கினால் ஜாக்கிரதை ஆகிவிடுமா? சின்ன ஊகம் ஆகும்.

பழையமேசை

நிலா மேடம், அந்தப் பத்து சதவீதம் ஆராய்ச்சி இல்லை. 1982-ல் ஜார்ஜென்சன் என்பவர் ஒரு கட்டுரையில், பயிற்சி இயக்குநர்கள் இப்படிச் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள் என்று போகிற போக்கில் கேட்ட கேள்வி அது. அதற்குப் பின்னால் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. பிறகு வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி அதை ஆராய்ச்சி ஆக்கிவிட்டார்கள். எபிங்ஹாஸ் 1885-ல் எழுதியது அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து மறப்பதைப் பற்றி, அதுவும் தன்னையே சோதித்து. குறையை எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்ததை அதே கோட்டில் வைத்து மறக்கடிக்க முடியாது.

பிலிப்ஸ் முறையை நான் முழுவதும் தள்ளமாட்டேன். பதிவேடும் இல்லை, ஒப்பிட ஆளும் இல்லை என்ற இடத்தில் வேறு வழி இல்லாமல் போடலாம். இங்கேதான் இரண்டாவது பேட்ச் தயாராக உட்கார்ந்திருக்கிறதே!

இன்னொன்று சொல்ல வந்தேன். கேட்டதில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த கேள்வி எப்போதும் கடைசிக் கேள்விதான்: "செய்ய நினைத்தும் செய்ய முடியாமல் போனதற்கு எது காரணம்?" பட்டியல் கொடுத்துவிடுவேன். நேரம் இல்லை, தனியாகப் பேச இடம் இல்லை, என் மேலாளர் இதை வேலையாகவே மதிப்பதில்லை, செய்து பார்த்தேன் சரிவரவில்லை, இதற்கான சந்தர்ப்பமே வரவில்லை. கடைசி இரண்டும் வேறு வேறு என்பது முக்கியம். சந்தர்ப்பம் வராதவரை "செய்யாதவர்" கணக்கில் போட்டால் பயிற்சி மேல் வீண் பழி. 1988-ல் பால்ட்வினும் ஃபோர்டும் எழுதிய கட்டுரையிலேயே, கற்றது வேலைக்குப் போய்ச் சேர்வதற்குப் பயிற்சியின் தரமும் ஆளின் திறமையும் போதாது, வேலை செய்யும் சூழலும் சேர வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சூழல் என்ன என்பது இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் என்பது வேதவாக்கு இல்லை. தினமும் தொடுகிற சாஃப்ட்வேருக்கு இரண்டு வாரத்திலேயே கேட்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை வரும் அப்ரைசலுக்குக் கொடுத்த பயிற்சியை அப்ரைசல் முடிந்த பிறகுதான் கேட்க முடியும். உங்களுடையதற்கு மூன்று மாதம் சரி.

கடைசிபெஞ்ச்

ஒரு சந்தேகம். சூப்பர்வைசர் தன்னைப் பற்றி எழுதுவதை ஏன் நம்ப வேண்டும்? எங்களைக் கேளுங்களேன். "கடந்த நான்கு வாரங்களில் உங்கள் சூப்பர்வைசர் உங்களிடம் தனியாக உட்கார்ந்து பேசினாரா?" ஒரே கேள்வி. பத்து வினாடியில் சொல்லிவிடுவேன்.

இளவேனில்_பயிற்சி

இது எனக்குத் தோன்றவே இல்லை! சேர்த்துவிட்டேன். மொத்தம் சூப்பர்வைசர்களுக்கு ஐந்து கேள்வி, அவர்கள் டீமில் இருப்பவர்களுக்கு இரண்டு கேள்வி. அனுப்பிவிட்டு வருகிறேன்.

இளவேனில்_பயிற்சி (ஒரு மாதம் கழித்து)

முடிவு வந்துவிட்டது. எதிர்பார்த்த மாதிரி ஒன்று, எதிர்பாராதது ஒன்று.

முதல் பேட்ச் இரண்டாவது பேட்ச்சைவிடக் கூடுதலாகத்தான் தனியாகப் பேசுகிறது. டீமில் இருப்பவர்கள் சொன்னதிலும் அதே திசை, ஆனால் இடைவெளி சின்னது. அதாவது சூப்பர்வைசர்கள் "பேசினேன்" என்று எண்ணிய சிலவற்றை எதிரில் இருந்தவர் அப்படி எண்ணவில்லை. நடைபாதையில் நின்று பேசியதை எல்லாம் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் போல.

தடை என்ன என்ற கேள்வியில் நேரம்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். வந்தது இடம். திறந்த ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மீட்டிங் ரூம் இரண்டையும் விற்பனைப் பிரிவு வாரம் முழுக்க புக் செய்து வைத்திருக்கிறது. ஒரு சூப்பர்வைசர் மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டுப் பேசியதாக எழுதியிருக்கிறார். இரண்டு நாள் பயிற்சியில் நாங்கள் கண்ணைப் பார்ப்பது, குரலைத் தாழ்த்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். எங்கே உட்கார்ந்து பேசுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்போது மேலிடம் "ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்கிறது. என்ன சொல்ல?

நிலா_77

4.7 இருக்கிறதே :)

பழையமேசை

எண் கேட்டால் டீமில் இருப்பவர்கள் சொன்ன எண்ணைக் கொடுங்கள் மேடம், சூப்பர்வைசர்கள் சொன்னதை வேண்டாம். சின்னதாக இருந்தாலும் அதை யாரும் அசைக்க முடியாது. ஆனால் அந்த எண்ணோடு அறையை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதே ஸ்லைடில் கீழே "மீட்டிங் ரூம் ஒன்று தினமும் இரண்டு மணி நேரம் சூப்பர்வைசர்களுக்கு" என்று ஒரு வரி போடுங்கள். இரண்டாவது பேட்ச் தொடங்குவதற்குள் அது கிடைத்துவிட்டால் அடுத்த சர்வேயில் எண் ஏறும்.

இன்னொரு வேலை. மிக நன்றாகச் செய்வதாகச் சொன்னவர் மூன்று நாலு பேர், ஒன்றுமே செய்யவில்லை என்றவர் மூன்று நாலு பேர். "பேட்டிக்குத் தயார்" என்று பெயர் கொடுக்க ஓர் இடம் வைத்திருந்தால் அவர்களை அழைத்து அரைமணி நேரம் பேசுங்கள். பிரிங்கர்ஹாஃப் என்பவர் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார். சராசரியில் இருப்பவரிடம் கேட்டால் சராசரியான பதில்தான் வரும். இரண்டு ஓரத்தில் இருப்பவர்களிடம்தான் விஷயம் இருக்கும். அந்த ஸ்டூல்காரரை முதலில் பிடியுங்கள்.

கோடுபோட்டசட்டை

சர்வேயில் நம்பிக்கை இல்லை என்று முதலில் சொன்னேன். இன்னும் பெரிதாக வந்துவிடவில்லை. ஆனால் ரூம் விஷயம் எந்தப் பதிவேட்டிலும் வந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஓட்டுநர்களிடமும் அந்தத் தடைக் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இளவேனில்_பயிற்சி

பேட்டிக்குப் பெயர் கொடுக்க ஒரு கட்டம் வைத்திருந்தேன், ஆறேழு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஆறாவது மாதம் இதே சர்வேயைத் திரும்ப அனுப்பலாமா?

சராசரிமனிதன்

அனுப்பலாம், ஆனால் அதற்குள் இரண்டாவது பேட்ச்சும் பயிற்சி முடித்துவிடும், ரூமும் கிடைத்திருக்கும். ஏறினால் எதனால் ஏறியது என்று சொல்ல முடியாது. முடிந்தால் ரூமை முதலில் ஒரு மாடிக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கேள்வி கேட்பதே ஆளுக்கு ஞாபகப்படுத்திவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். "நான்கு வாரத்தில் எத்தனை பேரிடம் பேசினீர்கள்?" என்று வந்த மறுநாளே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. பயிற்சிக்கு அது லாபம், அளவெடுப்பதற்கு நஷ்டம். ஆறாவது மாதம் எல்லோருக்கும் அனுப்பாமல், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் அனுப்புங்கள். மீதிப் பேரின் டீமிடம் அந்த இரண்டு கேள்வியை மட்டும் கேட்டால் போதும்.

கடைசிபெஞ்ச்

அந்தப் பாதியில் எங்கள் சூப்பர்வைசர் விழுந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.